சட்டைப் பையில் அடுப்புத் திருகு

குளியலறைக் கதவாக இருந்தாலும் சரி, புறங்கையை வைத்துப் பார்க்காமல் சைரன் தாத்தா திறக்கமாட்டார். சுட்டால் மறுபக்கம் தீ என்று அர்த்தம். தீயணைப்பு நிலையத்தில் முடி நரைக்கும்வரை உழைத்த கை அது. ஓய்வு பெற்ற சேதியை அதனிடம் யாரும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜையும் அப்படியே தொட்டுப் பார்ப்பார். "உள்ள ஐஸ்தாங்க இருக்கு. தைரியமாத் திறங்க" என்பார் மனைவி.

சைரன் என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். எரிகிற கட்டடங்களுக்கு முன்னால் கத்திப் பழகிய குரல். அவர் ரகசியம் சொன்னால் நாலு வீடு தள்ளி 'உம்' கொட்டுவார்கள். மாடிப்படியில் அட்டைப்பெட்டி அடுக்கினால் கண்டிக்க ஆள் வரும். ஒரே பிளக்கில் மூன்று ஒயர் செருகிய வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சம்பளம் வாங்காத அரசாங்கம்.

அந்தக் குரல் இறங்குவது ஒரே இடத்தில். மனைவிக்கு மூட்டுவலி. சாயங்காலமானால் மருந்தெண்ணெயைச் சுடவைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அவர் முழங்காலில் தேய்த்துவிடுவார். வேலையில் இருந்த காலத்தில் இவர் உயிரோடு திரும்பும்வரை வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மாள். "அப்ப நீ முழிச்சிருந்தே. இப்ப இது என் டியூட்டி" என்பார்.

போன மாதம் ஒரு நாள், எண்ணெயை அடுப்பில் வைத்தவர், யாரோ பெட்டி இறக்கும் சத்தம் கேட்டுக் கீழே போனார். கீழ்வீட்டு டெய்லரை நிறுத்திவைத்து, தீ எப்படிப் பிடிக்கிறது என்று விளக்கினார். "ஒரு நிமிஷ அலட்சியம் போதும்யா."

டெய்லர் அவர் தலைக்கு மேலே பார்த்தார். "சார், உங்க ஜன்னல்ல புகை வருது."

இவர் மேலே ஓடிச் சேர்வதற்குள் மனைவி அடுப்பை அணைத்து, எரிகிற சட்டியின்மேல் தட்டைக் கவிழ்த்திருந்தார். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதுதான் கல்யாணமான புதிதில் கணவர் கொஞ்சிய முதல் கொஞ்சல். சுவர் கறுத்ததோடு சரி. ஆனால் டெய்லர் போன் போட்டுவிட்டார்; வண்டி அலறிக்கொண்டு வந்தது. இறங்கியவர்களில் பாதிப் பேர் இவரிடம் ஏணி பிடிக்கக் கற்றவர்கள். விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள்.

"அடுப்பை மறந்தது யாரும்மா?" என்றார் அதிகாரி.

"நான்தான் தம்பி." கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார் மனைவி.

"ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுத்தாரு சாரு. உங்களுக்கு எடுக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சைரன் தாத்தாவும் சிரித்தார். கூரை இடியும் வீடுகளுக்குள் புகுந்து வந்தவர், 'நான்தான்' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து பல்லைக் காட்டினார்.

மகள் வந்தாள். அம்மாவுக்கு மறதி என்று தீர்ப்பு எழுதினாள். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் திருகு இரண்டையும் கழற்றி அப்பாவின் கையில் வைத்தாள். "அம்மா கேட்டா, கூட நின்னு குடுங்கப்பா. இனிமே அவங்கள நம்ப முடியாது."

அன்றிலிருந்து பால் காய்ச்சக்கூட அந்த அம்மாள் கை நீட்ட வேண்டும். இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தர வேண்டும். திருடன் இடுப்பில் சாவிக்கொத்து. முன்பு பதக்கம் குத்திய பக்கம்தான் அந்தப் பை.

"சொல்லிடவா?" என்றார் ஒரு நாள், டெய்லருக்குக்கூடக் கேட்காத குரலில்.

"எதை? குழாயைத் திறந்துவிட்டுட்டுப் போனீங்களே, அதையா? நம்ம வீட்டுக்கே வழி கேட்டு வந்தீங்களே, அதையா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைங்க. நான்தான் மறதிக்காரியாச்சே."

சிரிக்கவைக்கச் சொன்னதுதான். இவருக்கு முகம் சுட்டது.

நேற்று அம்மாவை ஞாபகசக்தி சோதிக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனாள் மகள். துணைக்கு இவரும் போனார். காத்திருந்த இடத்தில் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரின் தேதியை எழுந்து போய்ப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார்.

"இப்பத்தானேப்பா பாத்தீங்க?" என்றாள் மகள்.

"ரெண்டு தடவை பாத்தா தேதி ஓடியா போயிடும்?" என்று முந்திக்கொண்டார் மனைவி.

நர்ஸ் எட்டிப் பார்த்து, "மறதிக்குக் காட்ட வந்தவங்க உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப்போனார். அவர் தோளை மெல்ல அழுத்தி உட்காரவைத்தார் சைரன் தாத்தா. பையிலிருந்த திருகுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"அப்பா, நீங்க எங்க போறீங்க?"

அவர் கதவருகே போனார். புறங்கையை அதன்மேல் வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு திறந்தார்.