அரைநொடிக்கு இருக்கை ஊற்றிய நாள்

அரைநொடி என்கிற பட்டப்பெயர் அவனுக்கு இரண்டு முறை பொருந்தியது. பதினைந்து வயதில், குட்டி ரேஸ் கார்களை ஓடவிட்டு ஆள் பொறுக்கியபோது, மற்ற பையன்கள் எல்லாரையும்விட அரை நொடி முன்னால் வந்தான். ஓடுபாதை மெக்கானிக்குகள் அன்றைக்கு வைத்த பெயர். பத்தொன்பது வயதில் அதே பையன்களுக்கு அரை நொடி பின்னால் வந்துகொண்டிருந்தான். பெயரை மாற்ற வேண்டிய சிரமம் யாருக்கும் ஏற்படவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பெயரில் காலந்தள்ளுகிற பாக்கியம் பெரிய தலைவர்களுக்கே வாய்ப்பதில்லை.

அவனை வளர்த்துவந்தது ஒரு மெத்தை கம்பெனி. உலகத்தின் அதிவேகக் கார்களில் ஒருநாள் உட்காரப்போகும் இளைஞர்களைச் சின்ன வயதிலேயே கண்டெடுத்து, பயிற்சி கொடுத்து, படிப்படியாக மேலே ஏற்றுவது அதன் திட்டம். தூக்கத்தை விற்கிறவர்களுக்கு வேகத்தின் மேல் ஏன் இந்த மோகம் என்று கேட்டவர்களுக்கு, திட்டத்தை நடத்திய மேலாளர் அம்மா ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்: "வேகமா ஓடுறவனுக்குத்தானே நல்லாத் தூக்கம் வரும்." ஒப்பந்தப்படி பையன்கள் வருஷத்தில் பாதி நாள் கார் ஓட்ட வேண்டும். மீதி நாள், புதுக் கடை திறக்கிற ஊர்களுக்கெல்லாம் போய், தலைக்கவசத்தை மார்போடு அணைத்தபடி மெத்தையில் படுத்துக் கண்மூடிப் புன்னகைக்க வேண்டும். இந்த இரண்டாவது துறையில் அரைநொடி ஒருவனுக்கும் பின்தங்கியதில்லை. "அந்தத் தூங்குற பையன்தானே நீ?" என்று தெருவில் நிறுத்தி விசாரிப்பார்கள். ரேஸ் பார்க்கிறவர்களுக்குத்தான் அவனைத் தெரியாது.

அவனுடைய அப்பா டவுன் பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ் ஒரு சைக்கிளை முந்தியதாகக்கூடத் தகவல் இல்லை. அவர் போகிற வழியில்தான் ரேஸ் கார் பட்டறை இருந்தது. மகன் திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து, பட்டறை வாசலைத் தாண்டும்போதெல்லாம், போகையிலும் வருகையிலும், இரண்டு ஹாரன் அடிப்பார். அது உள்ளே கேட்கிறதா என்று அவர் விசாரித்தது கிடையாது. வாசல் நெருங்கும்போதே கண்டக்டர் டிக்கெட் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

"அடுத்த ஸ்டாப் ஆஸ்பத்திரிண்ணே. அங்கயும் இப்படித்தான் அடிப்பீங்களா?"

"அங்க என் பையன் இல்லையேப்பா."

அந்த ரேஸ் உலகத்தில் ஒரு நாகரிகமான வழக்கம் உண்டு. யாரையும் போகச் சொல்வதில்லை. வருஷத்துக்கு வருஷம் கார் மாறும், வளர்கிற பையன்களின் உடம்பும் மாறும். அதனால் ஒவ்வொருவனுக்கும் புதிதாக இருக்கை ஊற்றியாக வேண்டும். காருக்குள் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதன்மேல் பையனை உட்காரவைத்து, பைக்குள் ஒரு கலவையை ஊற்றுவார்கள். அது நுரையாகப் பொங்கி, இடுப்பு, விலா, தோள்பட்டை எல்லாவற்றையும் சுற்றிப் பிடித்து இறுகும். அவன் உடம்புக்கே அச்செடுத்த மாதிரி ஒரு இருக்கை. அளவு பொருந்தாத வேறொருத்தன் அதில் உட்கார்ந்தால் நாலாவது வளைவிலேயே விலா எலும்பு கதறிவிடும். ஆகவே, வருஷக் கடைசியில் இருக்கை ஊற்றக் கூப்பிட்டால் அடுத்த வருஷமும் நீ உண்டு. கூப்பிடாவிட்டால் இல்லை. கடிதம், கண்ணீர், கைகுலுக்கல் ஒன்றும் தேவைப்படாது. முந்தின வருஷம் கூப்பிடாமல் விடப்பட்ட ஒருவன் இன்னமும் ரேஸ் உடையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பதாகக் கேள்வி.

அரைநொடிக்கு இந்த வருஷம் கூப்பிடாவிட்டால் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்தான். வேறு தொழில் தெரியாது. ரோட்டில் கார் ஓட்டுகிற லைசென்ஸ்கூடக் கிடையாது. எடுக்க நேரமில்லாத அளவுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தான்.

வருஷக் கடைசி வாரத்தில் வீட்டில் எல்லாரும் போனைச் சுற்றியே நடமாடினார்கள். அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். போன் விஷயத்தில் அனுபவசாலி.

"அதையே முறைச்சுப் பாக்காதடா. பாத்தா அடிக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பல்வலி வந்தவன் நான் எடுக்கிற வரைக்கும் விடாம அடிப்பான். உங்க கம்பெனிக்கு இன்னும் வலிக்கல, அவ்வளவுதான்."

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனிக்கு வலித்தது. "தம்பி, நாளைக்குக் காலைல பட்டறைக்கு வந்துடு, சீட் ஊத்தணும்," என்றார் மேலாளர் அம்மா. "வயிறு முட்டச் சாப்பிட்டு வராத." அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது? அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து, வெங்காயம் நறுக்கினேன் என்றாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை. அப்பா மறுநாள் முதல் டிரிப்பிலேயே பஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

பட்டறையில் இருக்கை ஊற்றுகிறவரைப் பையன்கள் நுரை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். தடித்த மனிதர், மெலிந்த குரல். அரைநொடியைப் பை மேல் உட்காரவைத்து, காலைப் பெடலில் பொருத்தி, கையை ஸ்டீயரிங்கில் வைத்து, மோவாயைப் பிடித்து நேராக்கினார். கல்யாண போட்டோவுக்குக்கூட யாரும் அவனை இவ்வளவு அக்கறையாக உட்காரவைக்கப்போவதில்லை.

"அசையாத. கொட்டாவி வந்தா முழுங்கு. பொண்டாட்டி ஓடிப்போனாலும் அசையாத."

"இன்னும் கட்டலையேண்ணே."

"அப்ப கவலையே இல்ல."

கலவையை ஊற்றினார். இளஞ்சூடு இடுப்பில் தொடங்கி முதுகில் ஏறியது. அந்தச் சூடு அரைநொடிக்குப் பழகியது, பிடித்தது. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவன் முதுகை யாரோ தாங்குகிற மாதிரி இருக்கும். கண்ணை மூடினான். மெத்தைக் கடைகளில் எத்தனையோ தடவை வரவழைத்த புன்னகை இன்றைக்குத் தானாக வந்தது.

நுரை அண்ணன் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். "நல்ல வேளை, நீ கிடைச்ச. அந்தப் பையன் பரீட்சை முடிச்சு ஞாயித்துக்கிழமைதான் வருவானாம். திங்கக்கிழமை காரை ஓட்டிப் பாக்கணும்னு இவங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அளவு அனுப்பியிருந்தான், பாத்தா அப்படியே உன் உடம்பு."

"எந்தப் பையன்?"

தோளில் இருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. பிறகு முன்னைவிட அழுத்தமாகப் பிடித்தது.

"மேடம் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சீட் ஊத்தணும்னாங்க."

"சரிதான்," என்றார் நுரை அண்ணன். "பதினாறு வயசு. உன்னவிட ஒரு நொடி வேகம்ங்கிறாங்க. அசையாத தம்பி. இப்பதான் பிடிக்க ஆரம்பிக்குது."

நுரை விலாவுக்கு வந்திருந்தது. மனிதன் தனக்குப் பதிலாக வரப்போகிறவனைக் கோபித்துக்கொள்ளலாம், சபிக்கலாம், அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். அவனுக்கு அளவாகத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. இடுப்பை ஒரு திருகு திருகினால் போதும். மூச்சை ஆழமாக ஒருமுறை இழுத்தால் போதும். திங்கட்கிழமை அந்தப் பதினாறு வயது முதல் வளைவிலேயே 'அம்மா' என்று அலறுவான்.

அரைநொடி திருகத்தான் நினைத்தான். பழிவாங்க அல்ல, அதற்கெல்லாம் அவனுக்கு அப்போது தெம்பில்லை. இது கெட்டுப்போனால் மறுபடி ஊற்ற வேண்டும், அதற்கு மறுபடி தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. போன் இன்னொரு தடவை அடிக்கும். அம்மா இன்னொரு தடவை வெங்காயம் நறுக்குவாள்.

"இது வீணாச்சுன்னா என் தலையிலதான் கட்டுவாங்க," என்றார் நுரை அண்ணன், அவன் நினைப்பு தோள் வழியாகத் தெரிந்துவிட்ட மாதிரி. மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவும் இல்லை.

அவன் அசையவில்லை. மூக்கு நுனி அரித்தது, அதையும் பொறுத்துக்கொண்டான். கண்ணில் வந்ததைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது என்பதால் அது அதன் பாட்டுக்கு வழிந்தது. இறுகி முடிந்ததும் நுரை அண்ணன் அவனைத் தூக்கி வெளியே எடுத்து, இருக்கையைத் தட்டிப் பார்த்தார்.

"நானும் எத்தனையோ ஊத்தியிருக்கேன். இவ்வளவு சுத்தமா வந்ததில்ல."

அரைநொடி தன் தொழிலில் வாங்கிய உயர்ந்த பாராட்டு அதுதான். அதற்கும் கோப்பை கிடையாது.

வாசலில் மேலாளர் அம்மா எதிரே வந்தார். அவன் முகத்தைப் பார்த்தவர், உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாங்க யாரையும் கைவிடுறதில்ல தம்பி, உனக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை கடை திறப்பு ஒண்ணு இருக்கு, வந்துடு. உன் படம் போட்டுப் போஸ்டர் அடிச்சாச்சு."

"சரிங்க மேடம்," என்றான். வேறென்னவோ சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்திருந்தான்.

ரோட்டுக்கு வந்தபோது அப்பாவின் பஸ் வந்துகொண்டிருந்தது. மகன் வாசலிலேயே நிற்பதைக் கண்டு, இரண்டு ஹாரனோடு மூன்றாவதாக ஒன்று சேர்த்து அடித்து, ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார். அவருடைய சர்வீஸில் முதல் விதிமீறல்.

"ஏறுங்க சாம்பியன், உங்களுக்கு டிக்கெட் இல்ல," என்றார் கண்டக்டர், காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டே. பின் சீட்டு அம்மாள் ஒருத்தி கைதட்டினாள். அப்பா கண்ணாடி வழியாக, "சூடா இருந்துச்சாடா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுப்பா."

அவருடைய தலைக்கு மேல், ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதியிருந்தது. அரைநொடி சட்டத்தை மதிக்கிறவன். கடைசி ஸ்டாப் வரைக்கும் அதைப் படித்துக்கொண்டே வந்தான்.

எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் டீ வாங்கப் போனார். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். மகன் முதுகைச் சாய்க்காமல், கையை முன்னால் வைத்துக்கொண்டு, விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, இன்னும் காயலையா?"

"அது வேற பையனுக்குப்பா. அவன் அளவுக்கு என்னை உக்கார வச்சாங்க."

அப்பா அதை உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்த பிறகு ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அசைஞ்சியா?"

"இல்லப்பா."

"ம்."

திரும்புகிற டிரிப்புக்கு ஆட்கள் ஏறினார்கள். அப்பா பஸ் போகிற இடம் எழுதிய பலகையை மாற்றிப் போட்டு, வண்டியை எடுத்தார். அரைநொடி இறங்கவில்லை, இறங்கி எங்கே போவது என்று தெரிந்திருந்தால் இறங்கியிருப்பான். ஆஸ்பத்திரி ஸ்டாப் தாண்டியது. பட்டறை வாசல் நெருங்கியதும் கண்டக்டர் வழக்கம்போல் பையைக் கக்கத்தில் இடுக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்.

பட்டறை வந்தது, போனது. பஸ் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் ஒருவர் சில்லறை கேட்கும்வரை காதிலிருந்து கையை எடுக்கவில்லை.