செத்தல் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒரு கிரகணம்

நேற்று மாலை மின்சாரம் போய்விட்டது. லாம்புச் சிம்னியைத் துடைத்துத் தரும்படி வீட்டில் உத்தரவு. பழைய பனியன் துணியை உள்ளே விட்டுத் திருகியதும் விரலெல்லாம் கரி, மூக்கில் மண்ணெண்ணெய்ப் புகை. உடனே காது மடல் சுட்டது. கரி வாசனைக்கு வெட்கப்படுகிற மனுசன் மாத்தளை மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

இருபது வயதில் நான் கலேவெலயில் மாமாவின் கடையில் நின்றேன். உம்மாவுக்கு மூத்தவர். செத்தல் மிளகாயும் வெங்காயமும் மொத்தமாக வாங்கி விற்பவர். அந்தக் கடையில் சாப்பாடும் தும்மலும் தாராளம். பின்னால் வீடு, அங்கே மாமியும் ஒரே மகள் பரீதாவும். பரீதா எனக்குத்தான் என்று யாரும் சொன்னதில்லை. நான் மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் முழுச் சூரிய கிரகணம் வந்தது. எங்கள் ஊரும் அதன் பாதையில் இருந்தது. தார்ப்பாயால் மூடிக் கட்டிய பெட்டிகளோடு வெள்ளைக்காரர்களின் ஜீப்புகள் தம்புள்ளைப் பக்கம் போயின. கடையில் பத்திரிகையை உரக்க வாசிப்பது என் வேலை, வாசித்தே விஞ்ஞானியாகிவிட்டேன். வெறுங்கண்ணால் பார்த்தால் பார்வை போகும், கண்ணாடியில் தடிப்பாகக் கரியேற்றித்தான் பார்க்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பயான் பண்ணினேன். கரிக்கண்ணாடியே ஆபத்து என்கிறார்கள் இப்போது. அன்றைக்கு அதுதான் விஞ்ஞானம்.

படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை வாங்கி வந்து, குப்பி லாம்பின் சுடருக்கு மேலே பிடித்தேன். கை வெட்டாதிருக்க ஓரத்தில் பிளாஸ்தர். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பரீதாவின் கண்ணாடிக்கு மட்டும் நீல ரிப்பன்.

“மச்சான், இதுல ஒண்டுமே தெரியல்லையே.”

“சூரியனுக்குப் பிடிச்சாத்தான் தெரியும். அதுதான் பாதுகாப்பு.”

“அண்டைக்கு வானம் மூடி ஈந்தா?”

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. கிரகணத்துக்கு முந்தின நாள் முழுக்க மலைப் பக்கமிருந்து மேகம் வந்துகொண்டே இருந்தது. மேகத்துக்குள் சூரியன் மங்கிக் கிடக்கும். அதற்கு மேல் தடித்த கரியும் இருந்தால் பரீதா எதைப் பார்ப்பாள்? ஊர் ஏமாந்தால் ஏமாறட்டும். அவளுடைய கண்ணாடியை மட்டும் திருப்பி வாங்கி, நடுவில் இருந்த கரியைத் துணியால் ஒற்றி ஒற்றி மெலிதாக்கினேன். மேகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

“இப்ப நல்லாத் தெரியும்,” என்று கொடுத்தேன். பெருமை வேறு.

மறுநாள் காலை கிரகணத் தொழுகை. ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் மாமா வீட்டு ஹோலில். வானம் மூடியே இருந்தது. என் சட்டைப் பைக்குள் எனக்கான கண்ணாடி. நல்ல தடித்த கரி. அந்தத் தொழுகை நீளம். தொழவைத்த லெப்பை ஓதிக்கொண்டே போனார். எனக்கு முன்வரிசையில் மாமா நின்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய முதுகில் வெயில் விழுந்தது.

மேகம் கிழிந்துவிட்டது. சூரியன் பளீரென்று நிற்கிறது. பரீதா கையில் மெலிந்த கண்ணாடி. அவள் இரண்டு கண்ணும் போய், என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதுவரை மனதில் ஓடிவிட்டது. தோளைப் பிடிக்கிற அந்த இடத்தில் ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இதை எழுதும்போதும் என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தொழுகையை முறித்து, வரிசையைப் பிளந்து, யாருடைய காலையோ மிதித்து ஓடினேன். தெருவில் வெயில் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஹோலுக்குள் பாய்ந்தேன்.

“பாக்காத பரீதா. பாக்காத. கண்ணு போயிரும்.”

ஹோல் நிறைய வெள்ளை முதுகுகள். பெண்கள் அத்தனை பேரும் சுஜூதில், நெற்றி பாயில். வானத்தைப் பார்க்க ஒரு தலைகூட நிமிர்ந்திருக்கவில்லை. யாரும் எழும்பவில்லை. ஆனால் நடுவரிசையில் ஒரு முதுகு குலுங்கியது. பிறகு பக்கத்து முதுகு. பிறகு வரிசையே குலுங்கியது. ஊர்ப் பெண்களின் தொழுகையைக் கெடுத்த பாவமும் என் கணக்கில்தான்.

வாசலில் வெளிச்சம் கருகத் தொடங்கியது. நான் பின்கதவால் இறங்கி, களஞ்சிய அறைக்குள் புகுந்து, செத்தல் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் குந்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். வெளியே பகல் இருண்டு விடிந்தது. உள்ளே நான் தும்மிக்கொண்டிருந்தேன்.

தும்மலை வைத்துத்தான் மாமா கண்டுபிடித்தார். “சூரியனே வெளிய வந்துட்டுது. நீ எப்ப வாறதா ஐடியா?”

லெப்பை கடைக்கே வந்துவிட்டார். “உசிருக்கு ஆபத்தெண்டா தொழுகைய முறிக்கலாம், அதுல தப்பில்ல மகன். சுஜூதுல ஈக்கிற பொம்புளக்கி என்ன ஆபத்து?” கடையில் இருந்தவர்கள் மிளகாயை விட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பரீதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கோப்பைக்கு மேலே நீல ரிப்பன் கட்டிய கண்ணாடி, பளிங்கு மாதிரி.

“கையில கரி படுதெண்டு நேத்தே கழுவிட்டேன் மச்சான். மூடிக்கு நல்லம்.”

சில வருடத்தில் பரீதாவைக் குருணாகலில் புடவைக்கடைக்காரர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். “அதுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்ல,” என்றார் மாமா. நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு விசர். அந்த இருட்டு எப்படி இருந்தது என்று கண்டவரையெல்லாம் கேட்பேன். பள்ளிக்குள் பக்கத்தில் நிற்பவரின் தாடிகூடத் தெரியவில்லை என்றார் மாமா. கிணற்றுக்குள் இறங்கியது போல் குளிர்ந்தது என்றார் மாமி. எதிர்க்கடை முதலாளி நட்சத்திரம் பார்த்தாராம். சிங்களத்தில் சொல்லும்போது அவர் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாமா வீடு இருந்த இடத்தில் இப்போது லொறிகள் நிற்கின்றன.

போன வருடம் ஒரு கலியாண வீட்டில் பரீதாவைக் கண்டேன். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். அந்தப் பழைய கேள்வியை அவளிடமும் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும் மச்சான்,” என்றாள். “தலைய நிமித்தினா சிரிச்சிருவேனெண்டு, வெளிச்சம் வாற வரைக்கும் கண்ண இறுக்கி மூடிட்டுக் கெடந்தேன்.”

ஊரே பார்த்த இருட்டு. பார்த்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. பார்க்காத நாங்கள் இருவர் மட்டும், ஒரே மேசையில் புரியாணி சாப்பிட்டோம்.