டாக்டர் ஓமும் இருபத்தெட்டுச் சில்லுகளும்

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பலகை பொருத்த இரண்டு பையன்கள் வந்தார்கள். எல்லாத் திருகாணியையும் முடுக்கி, வயரை இழுத்துக் கட்டி முடித்த பிறகு, "ஏதாச்சும் டவுட் இருந்தா கேளுங்க சார்" என்றான் மூத்தவன். நாற்பத்தெட்டு வயதும், மூக்குக் கண்ணாடியும், சர்க்கரை மாத்திரையும் உள்ள நான் கேட்டேன்: "இது வெயில்ல வெடிக்குமா தம்பி?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவி உள்ளே போய்ச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நாலு பேர் கூடினால் முதல் ஆளாக என்னை நானே கேலி செய்துகொள்வது என் வழக்கம். அடுத்தவன் தொடங்குவதற்குள் நாமே தொடங்கிவிட்டால் வலி கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தக் கேள்வி என்னுடையதல்ல. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் அப்பா என் காதில் போட்டது. இன்னும் வெளியே வரவில்லை.

அப்போது நாங்கள் ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லை ஒட்டிய வீட்டில் இருந்தோம். அப்பா அந்த மில்லின் காயவைக்கும் களத்துக்கு மேஸ்திரி. வெயில்தான் அவருக்கு முதலாளி. ஒரு துண்டு மேகம் வந்தால் முப்பது ஆட்களைப் படுதாவோடு ஓட வைப்பார். நானோ எல்லாவற்றுக்கும் ஓடுகிறவன். மில் பாய்லர் பெருமூச்சு விட்டால் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். கோயில் மணி கொஞ்சம் பலமாக அடித்தால் அம்மாவின் முந்தானைக்குள். எங்கள் ஊர்ப் பக்கம் செல்லமாகக் கூப்பிடும்போது வீட்டுப் பிள்ளையும் 'சாமி', கோயிலில் பங்குத் தந்தையும் 'சாமி'. பூசையில் யாராவது "சாமி" என்றால்கூட என்னைத்தான் ஏதோ பிடிக்க வருகிறார்கள் என்று நடுங்குவேன்.

வீட்டில் பயமே இல்லாத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. சேலத்துக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள். சோப்புப் பெட்டிக்குள் அடங்குகிற ஒரு டிரான்ஸ்மிட்டரை அவளே செய்தாள். அதில் பேச முடியாது. ஒரு சின்னக் கட்டையைத் தட்டினால் குட்டையும் நெட்டையுமாகச் சத்தம் போகும். டிட் என்றால் குட்டை, டா என்றால் நெட்டை. தென்னை மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கட்டிய கம்பி வழியாக அது எங்கெங்கோ போய், யார் யாரோ பதில் தட்டுவார்கள். பேசியவர்கள் பிறகு அத்தாட்சிக்கு அஞ்சலட்டை போடுவது அவர்கள் வழக்கம்.

அந்த அட்டை ஒன்றுதான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், ரேடியோக்காரர்களின் சுருக்க எழுத்தில், ஆங்கிலத்தில் 'டி ஆர் ஓ எம்' என்று ஆரம்பித்து எழுதியிருந்தார். அப்பா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுக் களத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

"யாரும்மா இந்த டாக்டர் ஓமு? நம்ம பங்குல அப்பிடி ஒரு பேரே இல்லியே."

"டாக்டர் இல்லீங்ண்ணா, டியர். ஓஎம்னா ஓல்டு மேன். ரேடியோக்காரங்க எல்லாரும் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்புடுவாங்க. நான் பொம்பளைன்னே அவருக்குத் தெரியாது. டிட்டுலயும் டாவுலயும் ஆம்பளை ஏது, பொம்பளை ஏது?"

"கெழவனா? அப்ப இன்னும் மோசம்."

அன்றைக்கே அத்தையின் அறைக்குப் போகிற ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் விளக்கும் இல்லை, டாக்டர் ஓமும் இல்லை. பேட்டரி கட்டை வாங்கித் தரக்கூடாது என்று கடைக்காரரிடமும் சொல்லிவைத்தார்.

அத்தை அழவில்லை. கல்லூரிப் பேராசிரியரிடம் போய், உடைந்துபோன சோலார் பலகை ஒன்றின் சில்லுகளை அட்டைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். நீல நிறத்தில், அப்பளம் மாதிரி மெலிசாக, தொட்டால் நொறுங்குகிற சில்லுகள். அதில் இருபத்தெட்டைப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஈயம் வைத்துப் பற்றவைத்து, பழைய ஜன்னல் கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாள். பற்றவைக்கும் கோலை அம்மாவின் அடுப்பில் சூடாக்கினாள். அம்மா பார்க்காத மாதிரி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சூரியனுக்கு ஃபியூஸ் கட்டை கெடையாதுல்ல சாமி" என்றாள் அத்தை என்னிடம்.

நான்தான் அவளுக்கு மாடிக் காவல். கண்ணாடியில் படிகிற மாவுத் தூசியைத் துடைப்பது, காக்காய் விரட்டுவது, மேகம் வந்தால் கீழே பார்த்துக் கத்துவது. கூலியாக எனக்கு ஏ முதல் இசட் வரை தட்டச் சொல்லிக் கொடுத்தாள். எழுத்து மட்டும்தான். புள்ளியும் கமாவும் ஆறாவது போன பிறகு என்றாள். என்னையும் 'ஓஎம்' என்றே கூப்பிட்டாள். பத்து வயதில் அந்த ஊரிலேயே அதிகம் பயந்த கிழவன் நான்தான் என்பதால் நானும் மறுக்கவில்லை.

ஒரு நாள் சொன்னாள்: "எத்தனை சின்னத் துண்டா இருந்தாலும் ஒவ்வொண்ணும் அரை வோல்ட் குடுக்கும் சாமி. ஆனா எல்லாம் ஒண்ணோட கைய ஒண்ணு புடிச்சிட்டு வரிசையா நிக்குது. நடுவுல ஒண்ணே ஒண்ணு கண்ண மூடிக்கிச்சுன்னு வையி, மத்த இருவத்தேழும் அவ்வளவுதான்."

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பயிற்சிக்கு வரச்சொல்லி அத்தைக்குக் கடிதம் வந்தது. அதே வாரம் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த, எங்களைப் போலவே வேதக்கார வீடு ஒன்றிலிருந்து பெண் கேட்டும் வந்தார்கள். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சிரித்துக்கொண்டே பந்தயம் கட்டினார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து, மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ளார, அந்தக் கண்ணாடிய மட்டும் வெச்சு வேற ஸ்டேட்டுக்காரன் ஒருத்தன்கிட்டப் பேசிக் காட்டு. நானே உன்னையப் பெங்களூர் பஸ்ஸு ஏத்தி உடறேன். இல்லீன்னா திருச்செங்கோட்டுக்குச் சரின்னு சொல்லிப்போடறேன். வெயில்ல ஜவ்வரிசி காயும்மா. பேச்சு போகுமா?"

"போகுங்ண்ணா" என்றாள் அத்தை.

சனிக்கிழமை சாயந்திரம் அப்பா என்னைக் களத்துக்குக் கூட்டிப்போய் மூட்டை மேல் உட்கார வைத்தார். பன் வாங்கிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: அந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது? நான் வாயில் பன்னோடு ஒப்பித்தேன். அரை வோல்ட், இருபத்தெட்டு, கையைப் பிடித்து வரிசையாக நிற்பது, ஒன்று கண்ணை மூடினால் எல்லாம் நிற்பது. ஒரு எழுத்து விடவில்லை. "அட, கெட்டிக்காரன்டா நீயி" என்றார் அப்பா. அந்தச் சொல்லுக்காக நான் ஐந்து வருடமாகக் காத்திருந்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை, பெருமையில்.

ஞாயிற்றுக்கிழமை வானத்தில் ஒரு நூல் மேகம்கூட இல்லை. பூசையில் அத்தை எனக்கு முன் வரிசையில் இருந்தாள். விரல்கள் முழங்கால் மேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாடியில் சாய்த்து வைத்து, வயரைத் தன் ஜன்னல் வழியாக இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்குப் பக்கத்தில், தலையில் துண்டோடு.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கீழே அவள் தட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தமாம் அதற்கு. பதினொன்றரை வாக்கில் "சாமி! ஐதராபாத்து! ஒருத்தர் கேட்டுட்டாரு!" என்று கத்தினாள். நான் மாடியிலேயே குதித்தேன். குதித்துத் திரும்பினால் அப்பா நிற்கிறார்.

அப்பா சாவகாசமாகக் குனிந்து, கண்ணாடியின் மூலையைத் தொட்டார். சுரீரென்று கையை எடுத்தார்.

"என்னடா இது, இந்த மூலை இப்பிடிக் கொதிக்குது? வெடிச்சிருமாட்டம் இருக்குதே. வயரு நேரா அத்தை மடிக்கில்ல போவுது?"

நான் தொட்டுப் பார்த்தேன். சேலத்து உச்சி வெயிலில் மாடியில் கிடக்கிற எந்தப் பொருளும் கொதிக்கத்தான் செய்யும். என் தலையும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணாடி வெடிக்கிறது. நெருப்பு வயர் வழியாக இறங்குகிறது. அத்தை சவப்பெட்டியில் கிடக்கிறாள். கல்லறைத் தோட்டம்வரை நான் மெழுகுவர்த்தி பிடித்து நடக்கிறேன். மெழுகு கையில் சொட்டிச் சுடுகிறது. இவ்வளவும் ஒரு மூச்சில்.

"எல்லாத்தையும் மூட வேண்டாம்டா. அந்த ஒரு சில்லை மட்டும் மூடு. இருவத்தெட்டுல ஒண்ணுதானே. அத்தைகிட்டச் சொல்லாத, பயந்துக்குவா, கை நடுங்கும். நான் கூட நிக்கிறேன்."

பள்ளிக்கூடக் கைக்குட்டையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, நாலாக மடித்து, அந்த மூலைச் சில்லின் மேல் வைத்தேன். அதை வைத்த பக்குவத்தைப் பார்த்திருந்தால் டாக்டர் ஓமே என்னைக் கம்பவுண்டராகச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

கீழே தட்டும் சத்தம் நின்றது. "மேகமா சாமி?"

"இல்லீங்கத்தை!" என்றேன். அது உண்மை. அன்று முழுக்க நான் பொய்யே சொல்லவில்லை.

"நல்லாப் பாருடா!"

"சுத்தமா இல்லீங்கத்தை!"

வானம் சரியாக இருக்கிறது என்றால் கோளாறு தன் பெட்டியில்தான் என்று அத்தை நினைத்துவிட்டாள். ஜன்னல் வழியாக அவள் கத்தரிக்கோல் விழும் சத்தமும், பெட்டியைத் தட்டும் சத்தமும் கேட்டன. ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து மறுபடி முறுக்கியிருக்கிறாள். நான் கைக்குட்டை காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். அப்பா என் தோளில் கை வைத்து நின்றார். அந்தக் கை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியில் அவள் மாடிப்படி ஏறி ஓடிவந்தாள். அவள் கடைசிப் படியில் கால் வைக்கவும் கோயிலில் பன்னிரண்டு மணிச் செபத்துக்கான மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அந்த மணி அடித்தால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இருந்த இடத்தில் நின்று செபிக்க வேண்டும். வாயைத் திறந்து வேறு பேசக் கூடாது. வானத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு, அதாவது மாதாவுக்கு, செய்தி வந்ததை நினைவுகூரும் செபம் அது. கம்பியும் இல்லாமல், பேட்டரியும் இல்லாமல், சொன்னது சொன்னபடி போய்ச்சேர்ந்த செய்தி.

அப்பா தோள் துண்டை எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் கைகூப்பினேன். அத்தை நின்றாள். அவள் கண் மட்டும் மூடவில்லை. கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி நின்றது. அப்பாவின் செபம் மட்டும் நிற்கவில்லை. அவ்வளவு பக்தியாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தை குனிந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"யாரு சாமி வெச்சது?"

"நான்தாங்கத்தை" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "இல்லாட்டி வெடிச்சிருக்கும். நான்தான் உங்களைக் காப்பாத்துனேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கண் இன்னும் மூடியே இருந்தது. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏமாந்தது எனக்குத் தெரிய வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாள் என நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அவ்வளவு பெரிய ஆள் நானில்லை. ஜெயித்திருந்தாலும் அண்ணன் பஸ் ஏற்றிவிடமாட்டார் என்பது அவளுக்கு அந்த மணிச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

சாப்பிடும்போது ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அவரு கேட்டுட்டே இருந்தாருங்ண்ணா. தட்டறதுக்குக் கரண்டு பத்தாமப் போன பொறவும், கேக்கறதுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு; யாரு யாருன்னு கேட்டுட்டே இருந்தாரு."

"கேள்விதானே வந்துச்சு? பதில் வந்துச்சா?" என்றார் அப்பா. "ரசம் ஊத்து."

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதுதான் கெட்டுப்போனது, திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது. வருடத்தில் பாதி நாள் ரிக் வண்டியோடு வட மாநிலங்களில் இருப்பார். அத்தை போகாத ஊர்களுக்கெல்லாம் அவர் போய்த் துளை போட்டுவிட்டு வந்தார். சோப்புப் பெட்டி எங்கே போனதென்று தெரியாது. கண்ணாடி கொஞ்ச நாள் எங்கள் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருந்தது. இப்போது அத்தை தினமும் காலையில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படம் அனுப்புகிறாள். நான் கும்பிடுகிற கையை அனுப்புகிறேன்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டாள். துவைத்துத் தேய்த்து நாலாக மடித்த என் கைக்குட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அப்புறம் என் உள்ளங்கையை விரித்து, அந்தக் கைக்குட்டைக்கு மேலேயே ஒரு விரலால் தட்டினாள். இரண்டு குட்டை. இரண்டு நெட்டை. மறுபடி இரண்டு குட்டை.

எனக்குத்தான் எழுத்தெல்லாம் அத்துப்படியாயிற்றே. இரண்டு குட்டை ஐ. இரண்டு நெட்டை எம். மறுபடி ஐ. இமி. அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள், நான் சேர்த்துக்கொண்டேன்: இம்மி, அதாவது துளியூண்டு.

"இம்மிங்களா அத்தை?"

என் விரல்களைக் கைக்குட்டையின் மேல் மடக்கி மூடினாள். "ஆமாஞ் சாமி" என்றாள். கார் நகர்ந்தது.

சோலார் பையன்கள் போன அன்று, சும்மா இருக்கமாட்டாமல், போனில் அந்தக் குட்டை நெட்டை அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். இசட்டுக்கும் கீழே, எண்களுக்கும் கீழே, ஆறாவது போன பிறகு சொல்லித்தருவதாக அவள் சொன்ன வரிசையில் அது இருந்தது. இரண்டு குட்டை, இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. கேள்விக்குறி. ஐதராபாத்துக்காரர் அன்று திரும்பத் திரும்பத் தட்டியதும் அதுவாகத்தான் இருக்கும்.

அது தெரியாத பையன் அன்றைக்கு, சரியான பதிலைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், அந்தக் கைக்குட்டையை உயர ஆட்டிக்கொண்டு, "இம்மி! இம்மி!" என்று கத்தியபடி, பயமே இல்லாமல் கார் புழுதிக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.