வெறும் வேன் வந்த காலை

இயேசுவின் பிள்ளைகளே, இதைச் சொல்ல நான் மூன்று வருடம் தயங்கினேன். நன்றி சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் காரணம்.

என் பெயர் பிலோமினா. திண்டுக்கல்லில் கன்னியர்கள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கொரோனா இரண்டாம் அலையில் என் வேலை போன் எடுப்பதோடு நிற்கவில்லை. யாருக்கு எந்த வார்டில் டூட்டி, யாருக்குக் காய்ச்சல், யார் தனியாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் வேலையாட்களுக்குச் சொல்வது நான்தான். பிலோமி அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள்.

சாணார்பட்டிப் பக்கமிருந்து பதினோரு பேர் ஆஸ்பத்திரி வேனில் வருவார்கள். ஊரடங்கில் பஸ் கிடையாது. வார்டு கூட்டுவது, கஞ்சி காய்ச்சுவது, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிப் போய் மாட்டுவது எல்லாம் அவர்கள்தான். அவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். ஒரு திங்கட்கிழமை வேலை நேரத்திலேயே அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. எங்கள் வார்டிலேயே படுக்க வைத்தோம். மறுநாள் ரிசல்ட் வந்தது. கொரோனா.

சாயங்காலம் வேன் ஏறப் போகும்போது எல்லாரும் என் ஜன்னலுக்கு வந்தார்கள். "பேச்சிக்கு என்னக்கா?" ரிசல்ட் தாள் என் மேஜையில்தான் கிடந்தது. சொன்னால் நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். "சும்மா சளிக் காய்ச்சல்தான், போய்ட்டு வாங்க" என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னைத் தூண்டவில்லை. அந்தப் பொய் என்னுடையது.

புதன்கிழமை காலை வேன் வந்தது. டிரைவர் செல்வம் மட்டும் இறங்கினார்.

"ஒருத்தரும் ஏறலக்கா. பேச்சி செத்துப்போச்சு, ஆஸ்பத்திரில மறைக்கிறாகன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன். கதவத் தொறக்க மாட்டேங்குதுக."

ஆக்சிஜனில் பத்தொன்பது பேர் கிடந்தார்கள். டூட்டி முடிந்த நர்சுகள் வீட்டுக்குப் போகாமல் சிலிண்டர் உருட்டினார்கள். ஒரு நர்சின் கையிலிருந்து ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்ததைப் பார்த்தேன். பொறுப்பாளர் சிஸ்டர் அமலா ஓடி வந்தார். "பிலோமி, எப்படியாச்சும் அவங்கள வரச் சொல்லும்மா. மத்தியானத்துக்கு மேல இந்தப் பிள்ளைகளால முடியாது."

ஒவ்வொருவராகப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, இந்த ஜனங்களை எப்படியாவது கொண்டுவந்து சேரும்." அதற்கு மேல் செபம் வரவில்லை. 'நீ அவர்களிடம் என்ன சொன்னாய்?' என்ற ஒரே கேள்விதான் மனசுக்குள் ஓடியது. அழுதேன். "என் வாயைத் திருத்தும் ஆண்டவரே" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தேன்.

சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், "உண்மையச் சொல்லிரு. ஆனா மொதல்ல பேச்சிகிட்டக் கேளு" என்றார்.

கவச உடை போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். "உனக்கு கொரோனான்னு ஊர்ல சொல்லட்டுமா?" பேச்சி ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள். "சொல்லுக்கா. செத்துட்டேன்னு சொல்றதுக்கு இது தேவலை."

செல்வத்தைத் திரும்ப அனுப்பினேன். ஊர் மந்தைத் திடலில் நின்று அவர் போனை ஸ்பீக்கரில் வைத்தார். நான் வார்டில் பேச்சியின் கட்டில் பக்கத்தில் நின்று பேசினேன். ஆட்கள் தள்ளித் தள்ளி வந்து நின்றார்களாம்.

"பிலோமினா பேசுறேன். நேத்து உங்ககிட்டப் பொய் சொன்னேன். பேச்சிக்கு கொரோனாதான். உயிரோட இருக்கா. ஆக்சிஜன் வச்சிருக்கு. இங்க மாஸ்க் இருக்கு, கவசம் இருக்கு. ஆனா பயப்பட ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

சமையல் வேலை செய்யும் பாண்டியம்மாள் குரல் கேட்டது. "இம்புட்டையும் நேத்தே சொல்லியிருந்தா நாங்க என்ன ஓடியா போயிருப்போம்?"

போனை வீடியோவுக்கு மாற்றி பேச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "அடியே, வாங்கடி... இந்த சிலிண்டர மாத்த ஆளில்ல."

மத்தியானத்துக்குள் வேன் வந்துவிட்டது. பத்துப் பேரில் ஏழு பேர் இறங்கினார்கள். வேன் சத்தம் கேட்டதும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொன்னேன். அன்று எல்லாச் சிலிண்டரையும் நேரம் தப்பாமல் மாற்றினார்கள். மற்ற மூன்று பேரும் அந்த வாரத்திலேயே வந்து சேர்ந்தார்கள். பதினாறாம் நாள் பேச்சி நடந்தே வீட்டுக்குப் போனாள்.

எல்லாருமே பிழைத்துவிடவில்லை. அடுத்த மாதம் டிரைவர் செல்வம் கொரோனாவில் போய்விட்டார். அவருக்காகவும் அதே முழந்தாளில்தான் செபித்தேன். ஏன் அவர் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல உங்கள் முன் நடிக்கவும் மாட்டேன். அவர் செத்த செய்தியை நானே ஆஸ்பத்திரி மைக்கில் சொன்னேன். என்ன நோய், எந்த நேரம், யார் யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஒன்றையும் விடவில்லை. மறுநாள் காலை வேறொருவர் வேன் ஓட்டி வந்தார். பத்துப் பேரும் இறங்கினார்கள்.

இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். அந்தக் காலையில் நான் ஆட்களை மட்டும்தான் கேட்டேன். ஆண்டவர் என்னையும் சேர்த்துச் சரிசெய்தார். அவருக்கு நன்றி.

அன்பானவர்களே, ஏதோ ஒரு பயத்தில் நீங்களும் பொய் சொல்லியிருக்கலாம். சுத்தமான பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பொய்யோடேயே அவர் முன்னால் போய் முழந்தாளிடுங்கள். என்னை அவர் தள்ளவில்லை.