தெருவைத் தாண்டிப் போன இன்டர்நெட்

காளவாசலில் சாய்பிரசாத்தின் கம்ப்யூட்டர் கடையில், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பெட்டி மாசக்கணக்காகத் தூசி படிந்து கிடந்தது. சென்னை விநியோகஸ்தர் வேறு சாமான்களோடு தலையில் கட்டி அனுப்பியது. உள்ளே ஒரு வெள்ளைக் கருவி, அதன் முதுகில் கொம்பு மாதிரி இரண்டு ஆன்டெனா. ஒயரே இல்லாமல் வீடு முழுக்க இன்டர்நெட் தரும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. 2005ஆம் வருஷம் அது. ஒயரோடு இன்டர்நெட் வருவதே மதுரையில் பலருக்கு அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. "ஒயர் இல்லாமலா? போங்கண்ணே, காலைலயே காமெடி பண்ணிக்கிட்டு," என்று கடைக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"இதைத் திருப்பி அனுப்பிருவோம் மீனா," என்றார் சாய்பிரசாத்.

"அனுப்பாதீங்கண்ணே. நான் வித்துக் காட்டுறேன்," என்றாள் பாண்டிமீனா.

அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா பேச்சிமுத்துவும் அம்மா முருகம்மாளும் ஊரார் வயலில் கூலிக்குப் போய், பிறகு துண்டு நிலம் வாங்கிக் கரும்பு போட்டவர்கள். மகளைப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தார்கள். கடையில் அவளைச் சேர்த்தது பில் போடத்தான். ஒயர் இழுக்கிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அதற்கப்புறம் அவளை இறக்கவே முடியவில்லை. போகிற இடமெல்லாம், "ஆள் எங்கம்மா?" என்று கேட்பார்கள். "நான்தாங்க ஆளு," என்று சொல்லிவிட்டு ஏணியை விரிப்பாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை சரியாக வந்துவிட்டால் தனக்குத் தானே கை தட்டிக்கொள்வாள். ஏணி உச்சியில் நின்றுகொண்டு தட்டி, கீழே இருந்தவர்களைப் பதற வைத்திருக்கிறாள்.

அந்த வெள்ளைப் பெட்டியின் கையேட்டை பஸ்ஸில் போக வரப் படித்துப் படித்தே கரைத்துக் குடித்திருந்தாள். வாங்கத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் சாரதாம்பாள் போன் செய்தார்.

மகாலுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் அவர் வீடு. கீழே கணவர் சௌரிராஜனின் சுங்குடிப் புடவை மொத்த வியாபார ஆபீஸ், மேலே குடியிருப்பு. ஆபீஸ் மேஜைகளுக்கெல்லாம் சுவரைக் குடைந்து ஒயர் இழுத்து, இன்டர்நெட் ஓட விட்டவள் மீனாதான்.

"நீ போட்ட லைனெல்லாம் நல்லாத்தான் ஓடுது மீனா. ஆனா சிங்கப்பூர்லருந்து என் பொண்ணு ஸ்ரீலட்சுமி கூப்பிட்டா, அவ மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை பேச முடியலம்மா. ஆபீஸ் ஆளுங்க அம்புட்டுப் பேரும் பின்னாடி நின்னு கழுத்த நீட்டுறாங்க. மாடிக்கு ஒரு லைன் வேணும். ஆனா ஒண்ணு, செவத்துல இனி ஒரு ஓட்டை போடக்கூடாது. போன தடவை நீ போட்ட ஓட்டையில பல்லி குடித்தனம் பண்ணுது."

"ஓட்டையே போடாம, ஒயரே இல்லாமத் தந்தா என்னம்மா சொல்வீங்க?"

"விளையாடாத மீனா."

போனை வைத்ததும் மீனா கடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கீபோர்டு வாங்க வந்த ஒருவர் பயந்துபோய் ஒதுங்கி நின்றார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் இறங்கினாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு மர அலமாரி இருந்தது. அதன் மேல் கருவியை வைத்து, ஆபீஸ் ஒயர்களெல்லாம் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியிலிருந்து கைப்பிடிக் கம்பியோரமாக ஒரு ஒயரைக் கொண்டுவந்து சொருகினாள். பச்சை விளக்குகள் கண்சிமிட்டின. மீனா கை தட்டினாள்.

தட்டி முடிப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல், "நெட்டு போச்சு!" அடுத்து இன்னொன்று, "எனக்கும் போச்சுங்க!" பிறகு சௌரிராஜனே வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"என்ன மீனா, இருக்கிறதையும் பிடுங்கிட்டியேம்மா! சூரத்துக்கு மெயில் போயிட்டிருந்துச்சு!"

மீனாவுக்குக் காது சூடேறியது. படியில் உட்கார்ந்து கருவியை முறைத்தாள். முறைக்க முறைக்க விஷயம் புரிந்து, குபீரென்று சிரித்துவிட்டாள்.

"சார், உங்க ஆபீஸ்ல ஒரு மோடம் இருக்கில்ல, அதுதான் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் குடுத்து வழி காட்டுது. இந்தப் புதுசும் தன்னை மோடம்னு நெனச்சுக்கிட்டு, அதே நம்பரை வச்சுக்கிட்டு, அதே வேலையப் பாக்குது. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்து, ரெண்டு பேரும் மணையில உக்காந்தா பொண்ணு யாருக்கு மாலை போடும்?"

"அப்ப ஒருத்தனை எழுப்பி விடு," என்றார் சௌரிராஜன்.

அதைத்தான் செய்தாள். கருவியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றினாள். கீழே எல்லாருக்கும் உயிர் வந்தது. பிறகு சௌரிராஜனின் லேப்டாப்பை மட்டும் ஒயரால் அதனோடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதற்கு வேறொரு நம்பர் கொடுத்தாள். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு நம்பர் கொடுக்கிற அதன் பழக்கத்தையும் நிறுத்தினாள். "நீ பாலம் மட்டும் போடு. நாட்டாமை பண்ணாத," என்று அதனிடம் வாய்விட்டே சொன்னாள்.

"இப்ப இதுக்கு ஒரு பேரு வைக்கணும்மா. லேப்டாப்பு தேடுறப்ப அந்தப் பேரு தெரியும்," என்றாள் சாரதாம்பாளிடம்.

"பேரா?" சாரதாம்பாள் சட்டென்று காலண்டரைப் பார்த்தார். "கொஞ்சம் இரு. ராகுகாலம் முடியட்டும்."

ராகுகாலம் முடிகிற வரைக்கும் மூவரும் காபி குடித்தார்கள். முடிந்ததும் மகள் பெயரையே வைத்தார் சாரதாம்பாள். பாஸ்வேர்டை சௌரிராஜன் யோசித்தார். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று மீனா காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்திருந்தும், ஆபீஸில் குறித்து வைக்கட்டும் என்று மாடியிலிருந்து அதை ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். மீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தெருவில் லேப்டாப் இருந்தது அவர் ஒருவரிடம்தான் என்பதால் அப்போதைக்குப் பாதகம் இல்லை.

கருவியை மறுபடியும் ஆபீஸ் ஒயரில் சொருகினாள். கீழே யாரும் கத்தவில்லை. ஆனால் லேப்டாப் ஸ்ரீலட்சுமியைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்றது. தேடினாள், அணைத்துப் போட்டாள், மறுபடி தேடினாள். கடைசியில் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்தால், முன் விளிம்பில் நகத்தளவு ஒரு சுவிட்ச். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாமல் அணைந்தே கிடந்திருக்கிறது. நகத்தால் தள்ளினாள். திரையில் 'ஸ்ரீலட்சுமி' என்று ஆங்கில எழுத்தில் வந்து நின்றது, பக்கத்தில் சிக்னல் கம்பி முழுக்கப் பச்சையாக.

ஒயர் இல்லை. லேப்டாப்பில் எந்த ஒயரும் இல்லை. மீனா அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான், படித்ததுதான். ஆனாலும் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

சற்று நேரத்தில் மகள் ஸ்ரீலட்சுமியே சிங்கப்பூரிலிருந்து திரைக்கு வந்துவிட்டாள். நெற்றியில் கிளிப் போட்டுச் சின்னக் கேமரா மாட்டிய லேப்டாப்பைச் சாரதாம்பாள் அடுப்படிக்குள் கொண்டுபோனார். தாயும் மகளும் தங்கள் சௌராஷ்டிர மொழியில் பொரிந்து தள்ளினார்கள். மீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் 'மிக்ஸி' என்ற ஒரு சொல் மட்டும் கோபமாகக் கேட்டது. மகளிடம் சொல்லாமல் அம்மா மிக்ஸியை மாற்றியிருக்கிறார் போலிருக்கிறது. பூஜை அறை, மொட்டை மாடி, காயப் போட்ட வடகம், எல்லாவற்றையும் காட்டினார். வடகத்தைப் பார்த்து ஸ்ரீலட்சுமி அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திடீரென்று தமிழுக்கு மாறினாள். "அக்கா, நீங்கதான மீனா? இது எதிர்த்த வீடு வரைக்கும் போகுமா?"

எதிர்த்த வீட்டில் ஹம்சவேணி இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஸ்ரீலட்சுமியோடு ஒரே பெஞ்சு. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இரட்டைக் குழந்தை பெற்றிருந்தாள். பச்சை உடம்புக்காரி வாசல் தாண்டக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அங்கே கம்ப்யூட்டரும் கிடையாது.

கையேட்டில் இருந்த தூரக் கணக்கெல்லாம் சுவர் இல்லாத ஊருக்குச் சொன்னது. இந்த வீட்டுச் சுவரோ முழங்கை அகலம். "போகும்," என்றாள் மீனா.

ஊர்வலம் கிளம்பியது. சாரதாம்பாள் லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். வெயிலில் திரை தெரியாது என்று சௌரிராஜன் குடை பிடித்தார். பின்னால் ஆபீஸ் ஆட்கள். தெரு நடுவில் கால் வைத்ததும் சிக்னல் ஒரு கம்பிக்கு இறங்கியது. ஸ்ரீலட்சுமி வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றாள்.

"பொண்ணுக்கு என்னாச்சு?" என்று சாரதாம்பாள் அலறினார்.

"ஒண்ணும் இல்லம்மா, அப்பிடியே நில்லுங்க! நகராதீங்க! இந்தா வாரேன்!" மீனா வீட்டுக்குள் ஓடினாள். பையிலிருந்து நீள ஒயர்ச் சுருளை எடுத்து ஒரு முனையை ஆபீஸ் சுவிட்ச் பெட்டியில் சொருகினாள். மறுமுனையைப் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு, கருவியை அலமாரியிலிருந்து பிடுங்கி, தெருவைப் பார்த்த பால்கனிக்கு வந்தாள். கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கருவியை இரண்டு கையாலும் வெளியே நீட்டினாள்.

"இப்ப எம்புட்டும்மா?"

"ஒண்ணுதான்!"

அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றுவிட்டது. டிரைவர் மொக்கையன் ஹாரன் அடித்தார். குடைக்குக் கீழே எட்டிப் பார்த்தவர் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்தார். டிவி ஆன்டெனா திருப்பிப் பழகிய கை அவருடையது. "யக்கா, கொம்பைச் சாய்ச்சுப் பிடிங்க! இன்னும் லேசா! போஸ்ட் மரத்துப் பக்கம்! ஆங்... ரெண்டு!"

"மூணு!" என்று தெருவே கத்தியது. உறைந்திருந்த ஸ்ரீலட்சுமி அசைந்து, "அம்மா, ஏன் நடுத்தெருவுல நிக்கிற?" என்றாள். யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. இந்தத் தடவை மீனாவால் தட்ட முடியவில்லை. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தன.

ஊர்வலம் எதிர்வீட்டுக்குள் நுழைந்தது. பிறகு ஹம்சவேணியின் அறை ஜன்னலிலிருந்து ஒரு வீல் சத்தம், அதற்குப் பதிலாக லேப்டாப்பிலிருந்து அதைவிடப் பெரிய வீல். இரண்டு தோழிகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரு குழந்தை விழித்துக்கொண்டு கத்த, அடுத்ததும் சேர்ந்துகொண்டது. மீனா பால்கனியில் ஆணி அடித்த மாதிரி நின்றாள். கை கடுத்தது. லேசாகத் தாழ்த்தினால் போதும், "போச்சு போச்சு!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ஒன்றையும் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

பின்னால் யாரோ மூச்சிரைப்பது கேட்டது. சௌரிராஜன். தோளில் குடை.

"குடு அதை."

"சார், கை வலிக்கும் சார்."

"வலிக்கட்டும். நீ போய்ப் பாரும்மா. நீ கொண்டாந்தது, நீ பாக்க வேணாமா?"

மொத்த வியாபாரி சௌரிராஜன் வேட்டி சட்டையோடு பால்கனியில் வெள்ளைப் பெட்டியை ஏந்தி நிற்க, மீனா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி, தெருவைக் கடந்து ஓடினாள். கட்டிலில் ஹம்சவேணி, மடியில் ஒன்று, சாரதாம்பாள் தோளில் ஒன்று. தலையணை மேல் லேப்டாப். திரையில் அழுது சிரித்து மூக்குச் சிவந்த ஸ்ரீலட்சுமி.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு என் மூக்கு! பாருங்க, என் மூக்குதான?"

"உன் மூக்கு எப்பிடிடீ வரும்?" என்று ஹம்சவேணி சிரிப்பில் புரண்டாள். சாரதாம்பாள் கேட்காமலே தோளிலிருந்த பையனை மீனாவின் கையில் கொடுத்தார். பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் கடுத்த கையாலேயே அவனை வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அந்தக் கருவி பால்கனிக் கம்பியிலேயே, மழை படாத மேல்மூலையில், ஒரு சுங்குடித் துணிக் கிழிசலால் கட்டப்பட்டது. பிறகு மீனா ஒழுங்காக ஒரு பிளாஸ்டிக் டப்பா செய்து மாட்டினாள். பாஸ்வேர்டையும் மாற்றினாள், சௌரிராஜனிடம் சொல்லாமல்.

ஊர்வலம் போன அன்று சாயங்காலம் வீட்டில் முருகம்மாள் கேட்டார், "ஒயர் இல்லாம எதுல ஆத்தா போச்சு அது?"

"காத்துல போச்சும்மா."

"காத்துலயா? அப்ப இங்கயும் வந்திருக்குமே," என்று முருகம்மாள் வாசலைப் பார்த்தார். மீனா சிரித்த சிரிப்பில் பேச்சிமுத்து தொழுவத்திலிருந்து ஓடி வந்தார்.

அந்த மாசமே மகால் தெருக்களிலிருந்து நாலைந்து வீடுகள் கேட்டு வந்தன. பெட்டியைத் திருப்பி அனுப்ப இருந்த சாய்பிரசாத், சென்னைக்குப் போன் போட்டு இன்னும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். மொக்கையன் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் சிக்னல் பிடித்தது அவர்தான். மூன்று வருஷம் கழித்துப் பரவையில், திண்டுக்கல் ரோட்டோரம், பாண்டிமீனா சொந்தக் கடை திறந்தாள். ரிப்பன் வெட்ட வந்த சாரதாம்பாள், கத்தரியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கடைச் சுவரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்க வீட்டுல போட்ட மாதிரி இங்கயும் ஓட்டை போட்டு வச்சிருக்கியா?"

"ஒரே ஒரு ஓட்டைதாம்மா," என்றாள் மீனா. "ஏசிக்கு."