ஏழாம் நம்பர் பூட்டு

இது நடந்தது. மாலை நான்கு மணிக்கு, வெளிச்சத்தில், இருபத்துமூன்று பேர் முன்னால். கட்டுக்கதை என்று தோன்றினால் சூப்பர்வைசரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாவது மாடியில் குடியிருக்கிறார். இப்போதெல்லாம் படியேறித்தான் போகிறார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குக் கீழேயுள்ள குழியில் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சிவப்புப் பூட்டை மாட்டி, ‘உள்ளே ஆள்’ என்ற அட்டையில் நேரம் எழுதித் தொங்கவிடுவார். பூட்டில் ஏழு என்று பொறித்திருக்கும். சாவி அவர் சட்டைப் பையில். போட்டவர்தான் திறக்க வேண்டும். அது அந்தத் தொழிலின் சட்டம். பூட்டியதும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்.

டக்... டக்... டக்.

வீட்டிலும் அதே கூத்துதான். வாசல் கதவு, பீரோ, தங்கையின் உண்டியல், எல்லாவற்றுக்கும் மூன்று இழுப்பு. “கல்யாணத்தன்னைக்கு என் கையையே மூணு தடவ இழுத்துப் பார்த்தாரு” என்பாள் அம்மா. ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம்.

அப்படிப்பட்டவர் பூட்டே போடாமல் குழியில் இறங்கி, லிஃப்டுக்கு அடியில் சிக்கிச் செத்தார் என்று அந்த அலுவலகக் கட்டடத்தின் சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். ‘கவனக்குறைவு.’ பூட்டைக் காணவில்லை. சாவி மட்டும் அப்பாவின் பையில் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

முப்பதாம் நாள், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அஞ்சலிக் கூட்டம். சூப்பர்வைசர் கைக்குட்டையோடு பேசினார்.

“குடும்பமே உலகம்னு வாழ்ந்த மனுஷன். தங்கம். என்ன... அன்னைக்குப் பூட்ட மறந்துட்டாரு.”

“அவரு மறக்க மாட்டாரு” என்றாள் அம்மா. முப்பது நாளாகத் தூங்காத குரல்.

“விடுங்கம்மா. போனவரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது?”

செத்தவரைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, ஐந்தாம் மாடியிலிருக்கும் தன் அலுவலக அறைக்குப் போக லிஃப்டில் ஏறினார். மணி 4.17. கதவு மூடியது.

மின்பெட்டி அறையிலிருந்து...

டக்... டக்... டக்.

அம்மா என் கையைப் பிடித்தாள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.

ஓடினோம். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. அதில் சிவப்புப் பூட்டு. நம்பர் ஏழு. அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது...

அறையில் யாருமில்லை.

“தம்பி, இதத் திறக்க வழி இருக்கா?” வாட்ச்மேன் கேட்டார்.

சாவி என் பையில் இருந்தது.

“போட்டவருதாண்ணே திறக்கணும்” என்றேன்.

சுவரிலிருந்த இன்டர்காமில் சூப்பர்வைசரின் குரல் கரகரத்தது.

“யாரு... மேல யாரு? கூரை மேல யாரோ நடக்குறாங்க...”

தொம். தொம்.

“அடியிலயும் தட்டுது... ஐயோ...”

தொம்.

“நான்தான் வெட்டினேன்! லிஃப்ட் ஓடலன்னு ஓனரு கத்தினாரு... உள்ள ஆள் இல்லன்னு நினைச்சு பூட்ட வெட்டி சுவிட்சப் போட்டுட்டேன்! விட்டுரு!”

அம்மா இன்டர்காம் பக்கம் குனிந்தாள்.

“சத்தமா சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்.”

சொன்னார். மூன்று தடவை.

4.31.

டக்.

லிஃப்ட் தானாக இறங்கியது. கதவு திறந்தது. மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேல்.

அன்று ராத்திரி அம்மா தூங்கினாள்.

மறுநாள் போலீஸ் அவருடைய மேசை டிராயரை உடைத்தது. உள்ளே அப்பாவின் பூட்டு. நம்பர் ஏழு. இரண்டு துண்டு. மேலே ஒரு மாதத் தூசி.

அப்படியென்றால் நாங்கள் பார்த்தது...?

மின்பெட்டி அறைக்குத் திரும்ப ஓடினேன். பூட்டு இல்லை. அட்டை மட்டும் தொங்கியது. அப்பாவின் கையெழுத்து.

தொடங்கிய நேரம்: 4.17.

முடித்த நேரம்: ...

காலி.

சூப்பர்வைசர் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறார்.

அப்பா எந்த வேலையையும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.