முதல் சந்தேஷ் யாருக்கு?

போன வாரம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, நான் பால்கனியில் நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் எனக்கில்லை... மௌமிதாவுக்கு.

எங்கள் நியூ டவுன் அப்பார்ட்மென்ட்டில் சில பேர் சேர்ந்து, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிள்ளை என்று மென்ட்டராக இருக்கிறோம். எனக்குக் கிடைத்தவள் மௌமிதா. அப்பா பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறார். அம்மாவுக்கு நாலைந்து வீடுகளில் சமையல் வேலை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு மௌமிதாதான். கணக்கு, இங்கிலீஷ், நடுவில் சுடச்சுட தோசை.

இந்த பெங்காலி ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாஸான பிள்ளை ஸ்வீட் பாக்ஸோடு வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், காலைத் தொட்டுக் கும்பிட்டு வாயில் ஒன்றைத் திணித்துவிட்டு வரும். பாக்ஸ் முதலில் யார் வீட்டில் திறக்கிறது? விஷயமே அதில்தான் இருக்கிறது. சந்தேஷ் என்பது இங்கத்துப் பால் ஸ்வீட்; முதல் சந்தேஷ் எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

"வருவா, வருவா. நீ வெயில்ல நின்னு மயக்கம் போட்டுறாத" என்றார் வீட்டுக்காரர்.

வந்தாள். கையில் பாக்ஸ். நேராக எங்கள் பிளாக்குக்குள் நுழைந்தாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் ஏறியது... நாலாவது மாடியில் நின்றுவிட்டது. எங்கள் வீடு ஆறாவது மாடி.

நாலாவது மாடியில் யார்? சுதேஷ்ணாதி! 'தி' என்றால் இங்கே அக்கா. அவரும் ஒரு மென்ட்டர். ஆனால் அவர் பொறுப்பில் இருப்பது வேறொரு பிள்ளை. என் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

அரைமணி நேரம் ஆயிற்று. வயிற்றெரிச்சல் என்றால் வெறும் வயிற்றெரிச்சலா அது! கழுவி வைத்திருந்த மிக்ஸி ஜாரை எடுத்து மறுபடி கழுவினேன்.

ஒருவழியாக மேலே வந்தாள். "மிஸ், பாஸ்! கணக்குலயும் பாஸ்!" காலைத் தொட்டாள். பாக்ஸை நீட்டினாள். ஒரு வரிசை சந்தேஷ் ஏற்கெனவே காலி.

கவனித்தீர்களா? நான் 'மிஸ்'. கீழே இருக்கிறவரை மட்டும் 'மாஷி' என்பாள் — சித்தி முறை. தோசை சுட்டுப் போட்டவள் மிஸ்ஸாம்!

வாயை அடக்க முடியுமா என்னால்? "முதல்ல மாஷி வீட்டுக்குப் போனியோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தயங்கினாள். பிறகு பெங்காலியில் மளமளவென்று கொட்டிவிட்டாள். "மிஸ், ஸ்கூல்ல வெச்ச டெஸ்ட்ல நான் கணக்குல ஃபெயில். பேப்பர் இன்னும் தரலைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். படிப்பையே விட்டுடலாம்னு லிஃப்ட் பக்கத்துல நின்னு அழுதுட்டிருந்தேன். மாஷி பார்த்துட்டாங்க. 'அட, நானும் கணக்குல ஃபெயில்தான்டி, அதுவும் ரெண்டு தடவை. வா, டீ குடி'ன்னு கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம்தான் மறு டெஸ்ட்டே எழுதினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க்னு சொல்வீங்களே, மிஸ்..."

சொல்வேன்தான். முதல் ஞாயிறே சொன்னேன். ஊக்கம் கொடுக்கிறேன் என்று நினைப்பு! என் ரேங்க்கை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், பாவம்? அவளுக்கு வேண்டியிருந்தது ஃபெயிலான ஓர் ஆள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருத்தர் ஃபெயிலானதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவள் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "ஏங்க, நான் எதுலயாவது ஃபெயிலாகியிருக்கேனா?"

மனுஷர் யோசிக்கக்கூட இல்லை. "டிரைவிங் டெஸ்ட். டீக்கடை பெஞ்சு மேல ஏத்தினியே!" இவ்வளவு வேகமாகப் பதில் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதை மௌமிதாவிடம் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாஸோடு ஓடியது, இன்ஸ்பெக்டர் சாமி கும்பிட்டது, ஒன்றையும் விடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தோசையைப் பிய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"மிஸ், ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு சயின்ஸ் வேண்டாம். ஆர்ட்ஸ் எடுக்கிறேன்."

நான் பதினொன்றாம் வகுப்பு ஃபிசிக்ஸ் புத்தகத்தை வாங்கி, அட்டையே போட்டு வைத்திருந்தேன். அவளை நர்சிங் சேர்ப்பது வரை திட்டம் தயார். சுருக்கென்றது. தொண்டை வரை லெக்சர் வந்துவிட்டது. விழுங்கினேன். ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் நழுவிவிட்டது.

"மாஷிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மிஸ். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

திட்டம் போனால் போகட்டும்... சுதேஷ்ணாதிக்கு இன்னும் தெரியாதே!